வாசகர் கேள்வி – கைவேலைப் பகுதி: பின்னல் கைப்பை

கேள்வி: பிளேன், பேர்ல் என்னும் இரண்டு அடிப்படைப் பின்னல்களையும் அறிந்து கழுத்துத்துணியும் குழந்தைத் தொப்பியும் பின்னிப் பழகிய நான், அண்மையில் கம்பளி நூலில் ஒரு சிறிய கைப்பை பின்னினேன். கைத்தொலைபேசியையும் பணப்பையையும் வைத்தவுடன் அது தொங்கி நீண்டுவிடுகிறது, வாய்ப்பகுதியும் சுருண்டுகொள்கிறது. எந்தப் பின்னலைப் புதிதாகக் கற்க வேண்டும்?
– வாசகி, தலவாக்கலை

பதில்: ஒரு வரிசை பிளேன், மறு வரிசை பேர்ல் என்று மாற்றிப் பின்னும் துணி, அதன் இயல்பிலேயே ஓரம் சுருளும்; இழுத்தால் நீளும். உடலோடு ஒட்டி நெகிழ வேண்டிய ஸ்வெட்டருக்கு அந்த நெகிழ்வு நன்மை. பாரம் தாங்க வேண்டிய பைக்கு அதுவே தீமை. ஆகவே, அழகை இரண்டாவதாக வைத்து, துணியை இறுக்கும் பின்னலை முதலில் கற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மொஸ் பின்னலில் தொடங்குங்கள். ஊசியில் ஒற்றைப்படை எண்ணிக்கையில் கண்ணிகளை ஏற்றி, ஒவ்வொரு வரிசையையும் பிளேனில் ஆரம்பித்து, ஒரு பிளேன், ஒரு பேர்ல் என்று மாறி மாறிப் பின்னினால், முன்வரிசையின் பேர்லுக்கு மேல் பிளேனும் பிளேனுக்கு மேல் பேர்லும் அமைந்து, இருபுறமும் ஒரே தோற்றமுள்ள, சுருளாத துணி கிடைக்கும். நூல் சுற்றிய தாளில் குறித்திருப்பதைவிட அரை மில்லிமீற்றர் மெல்லிய ஊசியைப் பயன்படுத்தினால் அது மேலும் இறுகும்.

அது கைவந்தபின் லினன் பின்னலுக்குச் செல்லலாம். பைக்கு இதைவிடப் பொருத்தமானதை நான் காணவில்லை. இரட்டைப்படைக் கண்ணிகளில், முன்பக்க வரிசையில் ஒன்றைப் பிளேனாகப் பின்னி, நூலை முன்னால் கொண்டுவந்து அடுத்ததைப் பின்னாமலே மறு ஊசிக்கு மாற்ற வேண்டும்; பின்பக்க வரிசையில் ஒன்றைப் பேர்லாகப் பின்னி, நூலைப் பின்னால் விட்டு அடுத்ததை மாற்ற வேண்டும். தறியில் நெய்ததுபோன்ற துணி உருவாகும். இப்பின்னல் தானாகவே மிகவும் இறுகுவதால், இதற்கு மட்டும் சற்றுத் தடித்த ஊசி தேவை. வேலையும் மெதுவாகவே வளரும்.

எந்தப் பின்னலானாலும் முதலில் ஒரு மாதிரித் துண்டைப் பின்னி அளந்து பாருங்கள். மொஸ் பின்னலில் 10 சென்டிமீற்றருக்கு 20 கண்ணிகள் வந்தால், 20 சென்டிமீற்றர் அகலப் பைக்கு 41 கண்ணிகளை ஏற்றலாம். 40 சென்டிமீற்றர் நீளம் பின்னி இரண்டாக மடித்துப் பக்கங்களைத் தைத்தால், அடியில் தையலே இராது. உள்ளே பருத்தித் துணியும், தோள்பட்டியின் உட்புறம் பருத்தி நாடாவும் வைத்துத் தைப்பது அவசியம். பாரத்தை அவையே தாங்கும்.

கேள்வி: அம்மாயி விட்டுச்சென்ற 8ஆம் இலக்க ஊசியில், 8ஆம் இலக்கம் கேட்கும் அமெரிக்கக் குறிப்பைப் பார்த்துப் பின்னினேன். பை மிகச் சிறிதாக வந்ததேன்?
– வாசகி, பண்டாரவளை

பதில்: நம் மலையக வீடுகளில் இருக்கும் பழைய ஊசிகள் பெரும்பாலும் பிரித்தானிய அளவுமுறைக்குரியவை. அம்முறையில் 8ஆம் இலக்கம் 4 மில்லிமீற்றர். அமெரிக்க முறையிலோ 5 மில்லிமீற்றர். பிரித்தானிய முறையில் இலக்கம் கூடக்கூட ஊசி மெலியும் என்பதையும் நினைவில் வையுங்கள். குறிப்பில் மில்லிமீற்றர் அளவு தரப்பட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் பின்னல் பையைத் துவைக்கலாமா?
– வாசகி, நானுஓயா

பதில்: துவைக்கலாம். குளிர்ந்த நீரில் அலசி, முறுக்காமல் துவாயில் சுருட்டி அழுத்தி, காற்றோட்டமான இடத்தில் தட்டையாகப் பரப்புங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் பாரத்திலேயே பை நீண்டுவிடும்.