ஜார்ஜியாவில் மார்ஷ்ருட்கா: தனியாக வருகிறவர்களுக்குக் கேள்வி பதில்

ஜார்ஜிய நாட்டின் தலைநகர் திபிலீசியில் வேலை பார்க்கிறேன். ஊருக்கு ஊர் ஓடும் பகிர்வு வேன்களான மார்ஷ்ருட்காக்களைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

கே: மலை ஊரான கஸ்பெகிக்கு திபிலீசியில் வேன் எங்கே கிடைக்கும்? முன்பதிவு உண்டா? (மதுரை)

ப: மெட்ரோவில் டிடுபே நிலையத்தில் இறங்குங்கள். வெளியே கடைகளும் வேன்களும் கலந்த ஒரு பெரிய நெரிசல். முதலில் உங்களைப் பிடிப்பவர் டாக்சிக்காரர். "வேன் போய்விட்டது, இனி கிடையாது" என்பார். காதில் வாங்காமல் நடங்கள். முன்கண்ணாடியில் ஊர்ப்பெயர் பெரும்பாலும் ஜார்ஜிய எழுத்தில்தான் இருக்கும். கஸ்பெகி, ஸ்தெபன்ட்ஸ்மிண்டா (அதே ஊரின் இன்றைய பெயர்) இரண்டையும் அந்த எழுத்தில் கைபேசியில் சேமித்து, பலகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முன்பதிவை எதிர்பார்க்க வேண்டாம். பல வண்டிகள் ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். பணத்தை ஓட்டுநரிடம் ரொக்கமாகக் கொடுக்க வேண்டும், பல வண்டிகளில் இறங்கும்போது. பெரிய நோட்டை நீட்டினால் முகம் சுளிப்பார்.

மூன்று மணி நேரப் பயணம். வழியில் கடக்கும் ஜ்வாரி கணவாய் 2,300 மீட்டர் உயரத்துக்கு மேல். ரஷ்ய எல்லைக்குப் போகும் சரக்கு வாகனங்களை வளைவில் முந்துவார்கள். தேவாலயம் தென்பட்டதும் ஓட்டுநர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து மூன்று முறை சிலுவை போட்டுக்கொள்வார். பின்னால் இருப்பவர்களும் போடுவார்கள். நீங்கள் சீட் பெல்ட்டைப் போடுங்கள், இருந்தால்.

இறங்கியதும் அறைக்கு ஓடாதீர்கள். திரும்பும் கடைசி வேன் எத்தனை மணிக்கு என்று அந்த ஓட்டுநரிடமே கேளுங்கள்.

கே: பெண் தனியாக ஏறலாமா? (கோவை)

ப: ஏறலாம். பகலில், பாட்டிமார் உட்கார்ந்திருக்கும் வரிசையில் இடம் பிடியுங்கள். பழகாத ஊரில் இருட்டிய பின் இறங்கும்படி திட்டமிடாதீர்கள். எனக்குப் பயம் சக பயணிகளைப் பற்றியல்ல, வேகத்தைப் பற்றித்தான். அவசர எண் 112.

கே: ஆன்லைனில் டிக்கெட் எடுக்கலாமா? (சேலம்)

ப: முதல் பதிலைப் படியுங்கள்.

கே: கஸ்பெகிக்கு வேனில் போவது வீண். வழியில் அனனூரி கோட்டையில் நிறுத்த மாட்டார்கள். அதே டிடுபேயில் ஷேர் டாக்சி கிடைக்கும்போது எதற்கு இந்த நெருக்கடி? (திருச்சி)

ப: கோட்டையைப் பார்க்க வேண்டுமானால் டாக்சி சரிதான், மறுக்கவில்லை. ஆனால் தனி ஆள் டாக்சியில் உட்கார்ந்தால் மற்ற இருக்கைகளுக்கு ஆள் சேரும்வரை காத்திருக்க வேண்டும். பொறுமை இழந்தால் காலி இருக்கைக்கும் நீங்களே பணம் தருவீர்கள்.

கே: நான் காத்திருக்கவே இல்லையே! (மீண்டும் திருச்சி)

ப: கோடையில் வந்திருப்பீர்கள்.

கே: கோடையானாலும் வேன்தான் சிறந்தது. டாக்சியில் நிறுத்தம் என்று பேசி ஏறினேன். பத்து நிமிடத்தில் ஹாரன் அடித்து விரட்டினார். (நாகர்கோவில்)

ப: எத்தனை இடம், எத்தனை நிமிடம், மொத்தத் தொகை எவ்வளவு: மூன்றையும் கைபேசியில் தட்டிக் காட்டிவிட்டு ஏற வேண்டும். வேனில் இந்தப் பேரமே இல்லை என்பதால்தான் தனியாக வருகிறவர்களுக்கு வேனைச் சொல்கிறேன். திருச்சிக்காரர் நண்பர்களோடு வந்தால் டாக்சியில் போகட்டும்.

கே: மலை ஊரான மெஸ்தியாவுக்கு? (சென்னை)

ப: திபிலீசியிலிருந்து நேராக வேனில் போனால் பகல் முழுக்கப் போய்விடும், இடுப்பும் போய்விடும். இரவு ரயிலில் சுக்டிடி என்ற ஊருக்குப் போங்கள். ரயில் வரும் நேரத்துக்கு நிலைய வாசலில் மெஸ்தியா வேன்கள் நிற்கும்.

கே: கட்டணம் சரியாக எவ்வளவு? (ஈரோடு)

ப: மாறிக்கொண்டே இருக்கிறது. பக்கத்து இருக்கைக்காரர் எவ்வளவு எடுத்து வைக்கிறார் என்று பாருங்கள்.

கே: வர்ட்சியா குகை நகரம்? (தஞ்சாவூர்)

ப: அகல்ட்சிகே என்ற ஊருக்குப் போய் அங்கே வேன் மாற வேண்டும். ஒரு நாளில் சில வண்டிகளே உண்டு. கடைசி வண்டி நேரத்தைக் கேட்காமல் குகைக்குள் நுழைந்தால் திரும்புவதற்கு டாக்சிக்காரர் சொல்வதே விலை.

கே: ஆன்லைனில் முன்பதிவு... (வேலூர்)

ப: சேலத்துக்காரரைக் கேளுங்கள்.

கே: விசா கிடைக்குமா? (மதுரை)

ப: தூதரகம்.

கே: சிக்னாகி ஊருக்கும் டிடுபேதானா? (புதுச்சேரி)

ப: இல்லை. சம்கோரி நிலையம். அதே மெட்ரோ பாதையில் எதிர்த்திசை.