பேக்பேக் பயணத்தில் புத்தகம்: கேளுங்கள், சொல்கிறேன்

பதினொரு வருடமாக, ஆண்டுக்கு ஓரிரு மாதம் முதுகுப்பையோடு வெளிநாடுகளில் சுற்றுகிறேன். தங்குவது எப்போதும் ஹாஸ்டல் டார்மில்தான், அதாவது பயணிகள் விடுதியில் பலர் சேர்ந்து தூங்கும் பொது அறையில். ஊர் பார்த்த நேரமும் படித்த நேரமும் ஏறக்குறைய சமமாக இருக்கும். எத்தனை புத்தகம், எந்த வெளிச்சம், எங்கே உட்கார்ந்து படிப்பது என்று எது வேண்டுமானாலும் கேளுங்கள். விசாவும் விமான டிக்கெட்டும் எனக்குத் தெரிந்த விஷயமல்ல.

அக்கா, முதல் தடவையா ரெண்டு மாசம் போறேன். எத்தனை புத்தகம் எடுத்துக்கலாம்?

இரண்டு. அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். வழக்கமான புத்தக அளவான டெமியில், 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) தாளில் அச்சான 300 பக்கப் புத்தகம் அட்டையோடு சேர்த்து 330 கிராமாவது வரும். நான்கு புத்தகம் என்றால் ஒன்றேகால் கிலோவைத் தாண்டிவிடும். கைப்பைக்கு 7 கிலோதான் என்று சொல்லும் விமான நிறுவனங்கள் ஏராளம். அந்த ஏழில் ஒன்றேகால் கிலோவைக் காகிதத்துக்குக் கொடுத்தால் மழைக்கோட்டை விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கும்.

எந்த இரண்டு என்பதுதான் முக்கியம். ஹாஸ்டல் பயணத்தில் படிக்கும் நேரம் துண்டு துண்டாக வரும். காலை பத்து பதினொன்றுக்குள் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். அடுத்த ஊர் ஹாஸ்டலில் மதியம் இரண்டுக்கோ மூன்றுக்கோதான் கட்டில் தருவார்கள். நடுவில் பஸ் நிலையம், படகுத்துறை, பூட்டிக் கிடக்கும் வரவேற்பறை. பத்து நிமிடத்தில் ஒன்று முடிகிற மாதிரி சிறுகதையோ கட்டுரையோ அந்த நேரத்துக்கு ஒன்று. மழை நாளுக்கும் காய்ச்சல் நாளுக்கும் பெரிய நாவல் ஒன்று. இருபது பெயர்களை நினைவில் வைத்தால்தான் புரியும் என்கிற நாவலைப் பஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் நான் பட்ட பாடு போதும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பதினைந்து பக்கம் பின்னால் போக வேண்டியிருந்தது.

இன்னொன்று, இதை எல்லோருக்கும் சொல்கிறேன்: திரும்பக் கிடைக்காத பிரதியைப் பையில் வைக்காதீர்கள். என் தமிழாசிரியை ஓரத்தில் பென்சிலால் குறிப்பு எழுதித் தந்த சிறுகதைத் தொகுப்பு ஒன்று என்னிடம் இருந்தது. பதிப்பே நின்றுபோன புத்தகம். மேல் கட்டிலில் படித்துக்கொண்டே தூங்கிவிட்டேன். அது மெத்தைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கில் இறங்கியிருக்கிறது. விடியற்காலை நாலரை மணிக்கு இருட்டில் பையை அள்ளிக்கொண்டு கிளம்பியவளுக்கு நினைவு வந்தபோது அடுத்த நாட்டில் இருந்தேன். எழுதிக் கேட்டேன், தேடிப் பார்த்தும் இல்லை என்றார்கள். கதைகளை வேறெங்காவது தேடிப் படித்துக்கொள்ளலாம். அந்தப் பென்சில் எழுத்துக்கு எங்கே போவது?

ஈ-ரீடரா, அச்சுப் புத்தகமா?

இரண்டு மாதப் பயணத்துக்கு, மேலே சொன்ன இரண்டில் ஒன்றுக்குப் பதிலாக ஈ-ரீடர் (கிண்டில் போன்ற மின்னூல் கருவி), மற்றது அச்சில். ஆறு அங்குல ஈ-ரீடர் 160 முதல் 200 கிராம்தான். அதன் திரையில் கறுப்பு வெள்ளைத் துகள்களை மின்சாரம் இடம் மாற்றுகிறது, பக்கம் திரும்பும்போது மட்டும். அப்படியே விட்டால் எழுத்து அசையாமல் நிற்கும், அதற்குப் பேட்டரி செலவாகாது. வெயிலிலும் நன்றாகத் தெரியும்.

ஆனால் அந்தத் திரைக்கு அடியில் மெல்லிய கண்ணாடித் தகடு இருக்கிறது. பலர் இதை அறியாமல் சார்ஜரையும் ஈ-ரீடரையும் பையின் ஒரே அறையில் திணிக்கிறார்கள். பஸ்ஸின் மேல்தட்டில் நாலு பை மேலே அழுத்தினால் தகடு விரிசல் விடும், திரையில் பாதி கோடு கோடாக உறைந்துவிடும். பழுது பார்ப்பதைவிடப் புதிது வாங்குவதே மேல் என்கிற நிலைமை. திரைப்பக்கம் தட்டையான கெட்டி அட்டையை ஒட்டி இருக்கும்படி வையுங்கள். தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கவே வேண்டாம்.

படிக்க வேண்டியதை எல்லாம் கிளம்பும் முன்பே இறக்கிவிடுங்கள். ஹாஸ்டல் வைஃபையில் பெரும்பாலும் ஒரு பக்கம் திறந்து அறை எண் கேட்கும். ஈ-ரீடரின் பிரவுசர் அந்தப் பக்கத்திலேயே தடுமாறி நின்றுவிடும்.

பவர் பேங்க் செக்-இன் பையில் போடலாமா?

கூடாது, கைப்பையில்தான். 100 வாட்-மணி வரை தனி அனுமதி தேவையில்லை, ஏறக்குறைய 27,000 எம்ஏஎச். விமான நிறுவனத்தின் விதியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

டார்மில் எட்டுப் பேர். பத்தரைக்கு விளக்கை அணைச்சிடறாங்க. எப்படிப் படிக்கிறது மேடம்?

நெற்றியில் கட்டும் ஹெட்லாம்ப் வேண்டாம். பெயர் சொல்லி யாராவது கூப்பிட்டால் திரும்புவீர்கள், எதிர்க்கட்டிலில் தூங்குகிறவர் முகத்தில் டார்ச் அடித்த மாதிரி இருக்கும். அட்டையில் கவ்வும் சின்ன விளக்கு போதும். அதையும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, வெளிச்சம் உங்கள் உடம்பின் மறைவில் விழும்படி வைத்துக்கொள்ளுங்கள். கீழ்க்கட்டில் கிடைத்தால் மேல்கட்டில் சட்டத்தில் துண்டைத் தொங்கவிடலாம், நல்ல திரை. சிவப்பு விளக்கு இன்னும் நல்லது, மற்றவர்களை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. ஒரு விஷயம், சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பு மையால் போட்ட அடிக்கோடு கண்ணுக்கே தெரியாது. ஒரு இரவு முழுக்க என் குறிப்புகள் அழிந்துவிட்டன என்றே நினைத்துவிட்டேன்.

பன்னிரண்டைத் தாண்டிப் படிக்க ஆசையென்றால் பொது அறைக்கு இறங்கிப் போங்கள். தாள் புரளும் சத்தம் பகலில் கேட்காது. நள்ளிரவில் எட்டுப் பேருக்கும் கேட்கும்.

வியட்நாமுக்கு விசா எத்தனை நாளில் வரும்?

அந்த நாட்டின் அதிகாரபூர்வ தளத்தில் பாருங்கள்.

நான் படிக்கிற நாவல் 900 பக்கம். சிலர் கிழிச்சுத் துண்டா எடுத்துட்டுப் போறாங்களாமே, உண்மையா?

உண்மை. நானும் செய்திருக்கிறேன். 900 பக்கம் ஒரு கிலோ இருக்கும். மலையேற்றத்துக்கு நான்கு நாள் போகும்போது 200 பக்கம் போதும். மறுபடி அச்சாகிற, எங்கும் கிடைக்கிற பிரதியாக இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

முதலில் முதுகை மேலிருந்து பாருங்கள். பாரம் பாரமாக, அதாவது சேர்த்து மடித்த தாள்கட்டுகளாக, மடிப்புகள் தெரிந்தால் தையல் பைண்டிங். தாள்கள் தனித்தனியாக ஒரே பசைப்பட்டையில் நின்றால் பசை பைண்டிங். பசையென்றால் அத்தியாயம் முடியும் இடத்தில் நன்றாக விரித்து அழுத்துங்கள், முதுகு மெல்ல விரிசல் விடும். அந்தக் கோட்டில் பிளேடை மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுங்கள். பிறகு இரண்டு பாதிக்கும் முதுகில் துணி டேப் ஒட்டி, இரு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் மடித்துவிடுங்கள். டேப் போடாவிட்டால் இரண்டாம் நாளே ஓரத்துத் தாள்கள் உதிரும். தையல் என்றால் பாரத்துக்கும் பாரத்துக்கும் இடையில்தான் வெட்ட வேண்டும். அத்தியாயம் பாரத்தின் நடுவில் முடிந்தாலும் பொருட்படுத்தாதீர்கள், பாரத்தைப் பிளந்தால் எல்லாம் கையோடு வந்துவிடும்.

இது ஒரு வாசகர் பேசுற பேச்சாங்க? புத்தகத்தை பிளேடால அறுக்கச் சொல்லித் தர்றீங்க. மனசு பதறுது.

உங்கள் பதற்றம் புரிகிறது. முதல் தடவை என் கையும் நடுங்கியது. ஆனாலும் சொல்கிறேன், கனம் தாங்காமல் வீட்டிலேயே விட்டுப்போன நாவலைவிட, இரண்டாக அறுத்து மலையில் படித்த நாவல் எனக்கு நெருக்கமானது. வாசிப்பவர் இருக்கும் இடத்துக்கு ஏற்பப் புத்தகத்தின் உருவை மாற்றுவது புதிதும் அல்ல. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா தன் படைவீரர்களுக்காக 1943 முதல் 1947 வரை 12 கோடிப் பிரதிகளுக்கு மேல் அச்சிட்டது. சீருடைப் பையில் அடங்குகிற மாதிரி, உயரத்தைவிட அகலம் கூடிய மெல்லிய புத்தகங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் செய்தித்தாள் மாதிரி எழுத்து இரண்டு பத்தியாக, முதுகில் கம்பிப் பின்.

நானும் கிழிப்பேன் அக்கா! படிச்ச பக்கத்தை அப்பப்போ ரயில் குப்பைத்தொட்டியில போட்டுடுவேன். பை லேசாகிட்டே வரும்.

தம்பி, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நான் சொன்னது அது அல்ல.

அந்தப் படைவீரர் புத்தகம் அச்சடிக்கும்போதே சின்னதா அடிச்சது, யாரும் முழுப் புத்தகத்தை அறுக்கல. தெளிவா ஒண்ணு சொல்லுங்க: படிச்சு முடிச்ச பாதியை ஹாஸ்டல் அலமாரில வச்சா, அடுத்தவருக்குப் பாதிக் கதைதானே மிஞ்சும்?

மனசு பதறுது என்று எழுதியவரே மீண்டும் கேட்கிறார். இரண்டு விஷயத்திலும் அவர் சொல்வது சரி. என் உதாரணம் பொருந்தவில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

பாதிக் கதையின் வலி எனக்கும் தெரியும். ஒரு ஹாஸ்டல் அலமாரியில் ஒரு துப்பறியும் நாவலின் முதல் பாதி கிடந்தது. எண்பது பக்கம் போன பிறகுதான் பின்பாதி இல்லை என்று பார்த்தேன். அங்கே வந்து போன ஒவ்வொருவரிடமும் இரண்டு நாள் கேட்டேன், கிடைக்கவில்லை. அன்றிலிருந்து என் வழக்கம் இது: துண்டை மலைக்கு எடுத்துப் போவேன், மீதி ஹாஸ்டலில் விட்டுப்போகும் பெரிய பையில் இருக்கும். பல ஹாஸ்டல்கள் நாலைந்து நாளுக்குப் பையை வைத்துக்கொள்ளும். திரும்பி வந்ததும் எல்லாத் துண்டையும் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டுவிடுவேன். அலமாரியில் வைப்பதென்றால் முழுதாகத்தான் வைப்பேன். இதை முதல் பதிலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

அறுப்பதே தப்பு என்று இன்னும் நினைக்கிறீர்கள் என்றால், அதில் நாம் இரண்டு பேரும் ஒத்துப்போக மாட்டோம்.

கிண்டில் நல்லதா, புக் நல்லதா?

மேலே இரண்டாம் பதில்.

ஹாஸ்டல்ல ‘ஒண்ணு வச்சுட்டு ஒண்ணு எடு’ அலமாரி இருக்குமே, அதுல எடுக்கலாமா? மூட்டைப்பூச்சி வரும்னு பயமா இருக்கு.

எடுக்கலாம், பார்த்து எடுங்கள். மூட்டைப்பூச்சி ஆப்பிள் விதை அளவு, உடம்பு தட்டை. அட்டைக்கும் முதுகுக்கும் நடுவிலுள்ள இடுக்கு அதற்குப் போதும். கெட்டி அட்டைப் புத்தகம் என்றால் நடுவில் விரித்துப் பிடியுங்கள், முதுகு குழாய் மாதிரி திறக்கும். அதற்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பேனா முனையால் புள்ளி வைத்தது போலக் கருந்திட்டுகள், மெல்லிய பழுப்புத் தோல்கள் இருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வரவேற்பறையில் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் ஜிப் பையில் கட்டியே வைத்திருந்து, வீடு திரும்பியதும் மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் நான்கு நாள் போடுங்கள். படுக்கையில் வைத்து மட்டும் படிக்காதீர்கள்.

நீங்கள் வைக்கும் புத்தகம் எங்கே போகிறது என்று அறிய ஆசையா? புக்கிராசிங் என்று 2001-இல் தொடங்கிய திட்டம் இருக்கிறது. புத்தகத்துக்கு ஓர் எண் வாங்கி உள்ளே எழுதிவிடலாம், எடுத்தவர் பதிவு செய்தால் உங்களுக்குத் தெரியவரும். திரும்பக் கிடைக்காத பிரதியை அந்த அலமாரியிலும் வைக்காதீர்கள்.

ஹாஸ்டலுக்குப் போறதே நாலு பேரோட பழகத்தான். அங்க உக்காந்து புக் படிச்சா திமிர்னு நினைக்க மாட்டாங்களா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

ரிச்சர்ட் ஷிர்மான் என்ற ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர் 1909-இல் மாணவர்களை நடைப்பயணம் கூட்டிப்போனார். இடிமழையில் மாட்டிக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கிய இரவில்தான், நடந்து வரும் பிள்ளைகள் தங்க ஊர் ஊராக இடம் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. 1912-இல் அல்டேனா கோட்டையில் முதல் இளைஞர் விடுதி நிலையாக வந்தது. மழைக்கு ஒதுங்க ஒரு கூரை, அதுதான் தொடக்கம். கூரைக்கடியில் பேசுகிறவருக்கும் இடமுண்டு, சும்மா இருக்கிறவருக்கும் உண்டு.

என் அனுபவத்தில் எனக்கு வாய்த்த நல்ல நட்புகளில் பாதி புத்தகத்தால் வந்தவை. அட்டை தெரியும்படி மேஜையில் வையுங்கள். தமிழ் எழுத்தைப் பார்த்துவிட்டு இது என்ன மொழி, ஒரு வரி வாசித்துக் காட்டு என்று எத்தனை பேர் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்! ஒரு பெண்மணி என் நோட்டில் ‘ழ’ எழுதிப் பழகினார், ஐந்தாவது தடவையில் கொக்கி சரியாக வந்தது. ஈ-ரீடருக்கு அட்டை இல்லை, யாரும் கேட்க மாட்டார்கள். அச்சில் ஒன்றாவது எடுத்துப்போங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவே பெரிய காரணம். ஒன்று மட்டும்: யாராவது வந்து உட்கார்ந்தால் விரலைப் பக்கத்தில் வைத்தபடி பேசாதீர்கள். அடையாளத்தாள் வைத்து மூடிவிடுங்கள்.

தமிழ்ப் புத்தகம் இலவசமா ஈ-ரீடர்ல படிக்க வழி?

1998 முதல் தன்னார்வலர்கள் நடத்தும் மதுரைத் திட்டம் (Project Madurai) என்ற இணையத்தளத்தில் சங்க இலக்கியம் முதல் நிறைய இருக்கிறது. ஸ்கேன் செய்த பிடிஎஃப் வேண்டாம், ஆறு அங்குலத் திரையில் எழுத்து எறும்பாகிவிடும். திரைக்கு ஏற்ப எழுத்தின் அளவை மாற்றிக்கொள்ளும் ஈபப் (EPUB) வடிவம் கிடைத்தால் அதையே எடுங்கள்.

பஸ்ல படிச்சா குமட்டுது.

உடம்பின் அசைவைக் காது உணர்கிறது, கண்ணோ அசையாத பக்கத்தைப் பார்க்கிறது. அந்த முரண்தான் குமட்டல். ஒலிநூல் கேட்டுக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் பாருங்கள்.

ரெண்டு மாச ட்ரிப், எத்தனை புக் எடுக்கலாம்? கிண்டில் போதுமா?

முதல் இரண்டு பதில்களைப் படித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

தாத்தாவோட கையெழுத்து இருக்கிற புத்தகத்தை ராசிக்காகக் கொண்டு போகலாம்னு இருக்கேன்.

வேண்டாம். கையெழுத்துப் பக்கத்தைப் படம் எடுத்து அதைக் கொண்டு போங்கள். புத்தகம் வீட்டில் இருக்கட்டும்.

இப்பவே உதவி வேணும். பையில தண்ணி பாட்டில் கசிஞ்சு புத்தகம் ஊறிப்போச்சு. ஹேர் டிரையர் போடலாமா?

போடாதீர்கள், தாள் அலை அலையாகச் சுருண்டுவிடும். ஊறிய புத்தகத்தை விரித்தும் அழுத்தாதீர்கள், கிழியும். முதலில் மூடியபடியே துண்டில் சுற்றி ஒத்தி எடுங்கள். பிறகு இருபது பக்கத்துக்கு ஒன்றாக டிஷ்யூ தாள் வைத்து, மின்விசிறிக்கு எதிரில் நிமிர்த்தி, லேசாக விரித்து நிறுத்துங்கள். தாள் நனைய நனைய மாற்றிக்கொண்டே இருங்கள். ஈரம் முக்கால்வாசி போனதும் மூடி, மெத்தைக்கு அடியில் வைத்து அதன்மேல் படுங்கள். வழவழப்பான படத்தாள் உள்ளே இருந்தால் அதை முதலில் கவனியுங்கள், ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்துவிட்டால் பிரிக்க முடியாது. நாளைக் காலைக்குள் கிளம்ப வேண்டுமா, இன்னும் ஒரு நாள் அங்கே இருப்பீர்களா? அதைச் சொல்லுங்கள், மீதியைச் சொல்கிறேன்.