எதிர்த்துப் பேசும் பெண்ணால் குடும்பம் உடையும் என்கிறார்களே, உண்மையா?

உங்களிடமும் யாரோ கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள் போல. இல்லாவிட்டால் இப்படி ஒரு கேள்வி வராது.

எங்களுக்குக் காங்கேயம் பக்கம். அப்பா இறந்த மறு வருடம், 2009-ல், அக்காவையும் என்னையும் பத்திர ஆபீசுக்கு வரச் சொன்னார் அண்ணன். விடுதலைப் பத்திரம், அதாவது சொத்தில் எங்கள் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பது. முந்தின நாளே ஆளுக்கொரு சேலை வந்துவிட்டது. அக்கா படிக்காமலே போட்டுவிட்டாள். என் முறை வந்தபோது கட்டைவிரலில் மை தடவியாகிவிட்டது. ஒரு பழக்கத்தில் படித்துப் பார்த்தேன். 'ரூபாய் ஐம்பதாயிரம் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு, மனப்பூர்வமாக' என்று இருந்தது. சார்பதிவாளர், "பணம் வாங்கிட்டீங்களா, சம்மதம்தானே?" என்றார்.

"வாங்கலைங்க. சம்மதமும் இல்லைங்க."

அவ்வளவுதான் பேசினேன். மையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அந்தக் கறை கடைசிவரை போகவில்லை.

சீர் வாங்கவில்லையா என்று கேட்க வருவீர்கள். வாங்கினேன், இருபது பவுன். அண்ணன் கல்யாணத்தில், மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் செய்யும் இணைச்சீர்ச் சடங்கைச் செய்தவளும் நான்தான். அவரைக் கெட்டவர் என்று சொல்லவில்லை. அப்பாவைக் கடைசிவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு அலைந்தவர் அவர்தான். ஆனால் பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் 1929-லேயே தீர்மானம் போட்டாயிற்று. தமிழ்நாட்டில் 1989-ல் சட்டமாகி, 2005-ல் நாடு முழுக்க வந்தது. அதற்கப்புறமும் நான் கேட்டால் பேராசையா?

"நம்ம பக்கத்துப் பொம்பளைங்க இப்படிப் பேசமாட்டாங்க" என்றார் ஒரு பங்காளி. பெரியாரின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் எந்தப் பக்கமாம்? 1921-ல் ஈரோட்டில் கள்ளுக்கடை முன்னால் மறியலுக்கு நின்றவர்கள். மறியலை நிறுத்துவது அந்த இரண்டு பெண்கள் கையில் இருக்கிறது என்று காந்தியே சொன்னதாக எங்கள் பக்கத்தில் சொல்வார்கள்.

இன்னொன்று. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். வெளியூர்க்காரர்கள் 'கொங்குத் தமிழ் என்ன மரியாதை' என்று உருகுவார்கள். சினிமாவில் அந்த 'ங்க'வைக் காமெடிக்கு வைத்துக்கொள்வார்கள். 'சரிங்க' என்றால் மரியாதை, 'இல்லைங்க' என்றால் திமிராம். இரண்டிலும் அதே 'ங்க'தானே இருக்கிறது!

சரி, குடும்பம் உடைந்ததா? நாலு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. அப்புறம் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி ஒன்றேகால் ஏக்கர் கொடுத்தார்கள். கிணற்றுப் பக்கம் இல்லை, மேட்டாங்காடு. சோளம் விதைக்கிறேன், மழை பெய்தால் உண்டு. அக்கா இப்போது, "நீ செஞ்சது சரிதான், சத்தமா சொல்லாதே" என்கிறாள்.

இடையில் என் மகள் பெரியவளானாள். தாய்மாமன் சீர் வரவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மாமன் சேலையை நானே ஈரோடு போய் எடுத்து வந்தேன்.