பழைய ஜெட் விமானத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கலாமா?

கேள்வி: பீன்யாவில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஓய்வுபெற்ற கிரண் பயிற்சி ஜெட் ஒன்றை முடித்துத் தருவதாக ஒரு புரோக்கர் சொல்கிறார். முன்பணம் 3 லட்சம் கேட்கிறார். ஓசூர் பக்கம் உள்ள என் நிலத்தில் வைத்துச் சரிசெய்து, முடிந்தால் ஒருநாள் பறக்கவிட ஆசை. பணத்தைக் கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், பெங்களூரு

பதில்: கொடுக்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

விமானப்படை புரோக்கர் வைத்து விமானம் விற்பதில்லை. ஓய்வுபெற்ற விமானம் கல்லூரி, அருங்காட்சியகம், அரசு அமைப்பு என்று காட்சிக்குப் போகும். இல்லாவிட்டால் கழிவாக ஏலத்துக்குப் போகும். எம்எஸ்டிசி என்ற மத்திய அரசு நிறுவனம் நடத்தும் மின்னேலத்தில் உங்கள் பெயரில் நீங்களே பதிவுசெய்து, வைப்புத்தொகையையும் நீங்களே கட்டலாம். நடுவில் ஒருவருக்கு வேலையே இல்லை. இப்படிப்பட்ட புரோக்கர்கள் விமானப்படை முத்திரை போட்ட கடிதத்தின் ஜெராக்ஸைக் காட்டுவார்கள், பணத்தை மட்டும் சொந்தக் கணக்குக்கு அனுப்பச் சொல்வார்கள். 2020இல் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழக வளாகத்தில் நிற்கும் மிக்-23 விமானத்தை யாரோ ஓஎல்எக்ஸில் 9.99 கோடி ரூபாய்க்குப் போட்டார்கள். விற்கவே இல்லை என்று பல்கலைக்கழகம் மறுக்க வேண்டியதாயிற்று. உங்கள் ஆளிடம் இருப்பதும் அதுபோல ஒரு போட்டோதான் என்பது என் சந்தேகம்.

ஏலத்திலும் 'உள்ளது உள்ளபடி, உள்ள இடத்தில்' என்றுதான் தருவார்கள். நேரில் பார்க்காமல் விலை கேட்டால், வெட்டிப்போட்ட இறக்கையும் வாலும் லாரியில் வரும். ஜாலி மொஹல்லா காயலான் கடைக்காரர்கள் அதை எடை பார்த்து வாங்குகிறவர்கள்; அவர்களோடு உங்களால் போட்டிபோட முடியாது.

சரி, பறக்கவிடுவது? அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். விமானப்படைப் பயிற்சிக்கென்று அரசு விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்ஏஎல் செய்த விமானம் அது. சிவில் விமானங்களுக்கு அனுமதி தரும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏ கேட்கும் சான்றுகளுக்கு அதில் அடித்தளமே கிடையாது. எஞ்சினிலும் முக்கிய பாகங்களிலும் இத்தனை மணி நேரம் என்று ஆயுள் கணக்கு உண்டு. அந்தப் பதிவேடு இல்லாத விமானம் வெறும் அலுமினியம்.

உடனே 'அந்த டகோட்டா?' என்பீர்கள். எல்லோரும் கேட்பதுதான். பெங்களூருவைச் சேர்ந்த ராஜீவ் சந்திரசேகர், எம்.பி.யாக இருந்தபோது, அயர்லாந்தில் கழிவாகக் கிடந்த ஒரு டகோட்டாவை, அதாவது பழைய போக்குவரத்து விமானத்தை, வாங்கிப் பறக்கவைத்தது உண்மை. ஆனால் அது ஜெட் அல்ல, வெளியே விசிறி சுழலும் புரொப்பெல்லர் விமானம். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில் பறந்த வகை என்பதால் உதிரிபாகமும் மெக்கானிக்கும் கிடைத்தார்கள். சீரமைத்தது பிரிட்டனில். 2018இல் இங்கே வந்து சேர்ந்ததும் விமானப்படைச் சொத்தாகிவிட்டது, பறக்கவிடுவதும் அவர்கள்தான். இலவசமாகக் கொடுத்ததை வாங்கிக்கொள்ளவே நம் அரசாங்கத்துக்குப் பல வருஷம் பிடித்தது! இதே பெங்களூருவில் ஜெர்மன் பொறியாளர் குர்ட் டாங்க் வடிவமைத்து, 1961இல் முதலில் பறந்த மாருத் போர் விமானங்களில் பறக்கும் நிலையில் ஒன்றைக்கூட நாம் வைத்துக்கொள்ளவில்லை. கஸ்தூர்பா சாலை விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்தில் நிற்பதைப் போய்ப் பாருங்கள். ஆர்வமுள்ளவர்களுக்கு ஒரு நேர்வழி வைத்திருந்தால் புரோக்கருக்கு இங்கே என்ன பிழைப்பு?

வேறு யோசனை சொல்கிறேன். வெயிலிலும் மழையிலும் பாழாகும் விமானம் வைத்திருக்கும் பொறியியல் கல்லூரி ஏதாவது ஒன்றை அணுகி, சீரமைப்பை ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுதிக் கேளுங்கள். லேத் வேலை தெரிந்தவரை வேண்டாமென்று சொல்ல மாட்டார்கள். முதலில் மழைநீர் தேங்கும் இடங்களைத் திறந்து வடியவிடுங்கள், பிறகு ஜாக்கியில் ஏற்றி டயர் மீதுள்ள பாரத்தை எடுங்கள். பெயின்ட் கடைசியில்தான்.

ஒன்றை மட்டும் எழுத்தில் வாங்குங்கள்: வெளியேற்று இருக்கையில், விமானியைத் தூக்கி எறியும் வெடிமருந்து எடுக்கப்பட்டுவிட்டது என்று. விமானி அறையின் கண்ணாடி மூடியைப் பிரிக்கும் வெடிகளுக்கும் அப்படியே. பிரிட்டனில் 2011இல் தரையில் நின்ற விமானத்திலேயே இருக்கை வெடித்துக் கிளம்பி ஒரு விமானி இறந்தார். அந்தக் காகிதம் கைக்கு வரும்வரை யாரையும் உள்ளே உட்காரவைத்து போட்டோ எடுக்காதீர்கள்.