புலி வரும் காட்சியில் குதிரை

உங்கள் கதையில் நாயகன் குதிரையேறி அடர்காட்டில் இரவெல்லாம் நாலுகால் பாய்ச்சலில் போகிறான், புலியைக் கண்டதும் குதிரை கனைக்கிறது. இரண்டுமே உறுத்துகின்றன. முழு வேகம் சில கிலோமீட்டருக்கு மேல் தாங்காது; கொடியும் வேரும் உள்ள இடத்தில் நடைதான். (மாயக் குதிரை என்றால் உங்கள் இஷ்டம்.)

புலி கண்ணில் படவே வேண்டாம், வாசனை போதும். குதிரையின் தலை நிமிரும், இரண்டு காதும் அந்தப் பக்கமே குத்திட்டு நிற்கும், மூக்கு விடைத்து ஒரு பலத்த சீறல் வரும். ஒரு கணம் உறைந்து நிற்கும். பிறகு சட்டென்று பக்கவாட்டில் துள்ளி, திரும்பி ஓடும். வீரன் கீழே விழ அந்தத் துள்ளலே போதும், சண்டையே தேவையில்லை. வாலுக்கு நேர்பின்னால் இருப்பது அதற்குத் தெரியாது. அங்கிருந்து தோழன் ஓடிவந்தால் உதை வாங்குவான்.

அப்புறம், அடர்காட்டில் புல் குறைவு. தீவனத்துக்கு ஒரு வரியாவது எழுதுங்கள்.