ஏஜென்சி 15 வீதம் வெட்டச் சொல்லுது: கொக்குவிலில இருந்து ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணை,

நான் யாழ்ப்பாணம் கொக்குவில். பேர் போடாதேங்கோ. 2021 இல இருந்து கொழும்பில இருக்கிற ஒரு ஏஜென்சி மூலமா லண்டன் கொம்பனி ஒண்டுக்கு சொஃப்ட்வெயார் டெஸ்டிங் செய்யிறன். என்னோட சேத்து எட்டுப் பேர், எல்லாரும் கொன்ராக்ட், பக்கத்துத் திருநெல்வேலியில ஒரு கடைக்கு மேல அறை எடுத்து அங்க இருந்துதான் வேலை. காசு ரூபாவில, மாசாமாசம் ஏஜென்சிதான் போடும். போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் எட்டுப் பேருக்கும் தனித்தனியா ஒரே ஈமெயில் வந்தது. சந்தை நிலவரத்தால கிளையண்ட் செலவைக் குறைக்கச் சொல்லுதாம், வாற 1ஆம் திகதியில இருந்து ரேட்டில 15 வீதம் குறையுமாம், 25ஆம் திகதிக்கிடையில ஓம் எண்டு பதில் போடட்டாம், போடாட்டியும் 1ஆம் திகதிக்குப் பிறகு வேலை செய்தா ஒத்துக்கொண்டதா எடுப்பினமாம். என்ர கொன்ராக்ட் டிசம்பர் வரைக்கும் இருக்கு.

அண்டைக்கு அறையில ஒருத்தரும் ஒண்டும் கதைக்கேல்லை, எல்லாரும் ஸ்கிரீனையே பாத்துக்கொண்டு இருந்தம், பிளேன்ரீ குடிக்கக் கீழ போன ஒராள் ஒரு மணித்தியாலமா மேல வரேல்லை. இப்ப ரெண்டு பேர் ஓம் எண்டு போட்டிட்டினமாம் எண்டு கேள்வி. 2022 இல ஒருக்கா 10 வீதம் கூட்டித் தந்தவை, அதையும் ஈமெயிலில ஞாபகப்படுத்தியிருக்கினம். அம்மா சொல்லுறா கிடைக்கிறதை வச்சிரு எண்டு. நான் என்ன செய்ய?

பதில்:

தம்பி,

உம்மட கடிதத்தில என்னைக் குத்தின இடம் அந்த ஒருத்தரும் கதைக்கேல்லை எண்ட இடம்தான். ஒரே ஈமெயிலை எட்டாப் பிரிச்சு அனுப்பினது அதுக்குத்தான். எங்கட ஊரில சம்பளம் கேக்கிறதும் மரியாதையில்லை, சொல்லுறதும் மரியாதையில்லை, கண்ணூறு படும் எண்டு சொந்தத் தமையனுக்கே சொல்லாத ஆக்கள் இருக்கினம், அதால அந்த அறையில எட்டுப் பேரின்ர ரேட்டும் தெரிஞ்ச ஒரே ஆள் அந்த அறையில இல்லாத ஏஜென்சி மட்டும்தான்.

எனக்கு நடந்ததைச் சொல்லுறன். 2008 செப்டெம்பரில லீமன் பிரதர்ஸ் எண்ட பெரிய அமெரிக்கப் பாங்க் விழுந்தாப் பிறகு லண்டனில பாங்குகளில கொன்ராக்ட் செய்த ஆக்களுக்கு உந்த மாதிரிக் கடிதங்கள் வரத் தொடங்கினது. எனக்கு 2009 மாசியில வந்தது. நாளுக்கு 320 பவுணுக்கு வேலை செய்துகொண்டிருந்தன், 12.5 வீதம் குறைக்கச் சொல்லி ஏஜென்சி எழுதியிருந்தது. மற்றப் பாங்குகளில 10 எண்டு கேள்விப்பட்டனான், எங்களுக்கு மட்டும் ஏன் இந்தப் பன்னிரண்டரை எண்டு விளங்கேல்லை. ரெண்டு நாள் கழிச்சு கன்ரீனில எங்கட மனேஜர் கதையோட கதையா, உன்னை 400 குடுத்து வச்சிருந்தம், இப்ப 360க்குப் பேசியிருக்கு எண்டு சொல்லிப்போட்டான். அப்பதான் கணக்கு வெளிச்சது. பாங்க் வெட்டினது 40, அந்த 40ஐயும் என்ர 320இல இருந்து எடுத்தா 12.5 வீதம், ஏஜென்சி நாளுக்கு எடுத்த 80 பவுண் ஒரு சதமும் குறையாம அப்பிடியே இருக்கு.

அண்டைக்கு மத்தியானம் நாங்கள் ஏழு பேர் ஒரு மேசையில இருந்தம். ஒரு டிஷ்யூ பேப்பரை எடுத்து நான் முதல்ல என்ர நம்பரை எழுதி மற்றப் பக்கம் தள்ளிவிட்டன். அது ஒவ்வொரு ஆளாச் சுத்தி வந்தது, ஒராள் பேனையைக் கையில வச்சுக்கொண்டு கனநேரம் யோசிச்சவர். கடைசியாப் பாத்தா 270 இல இருந்து 350 வரைக்கும் இருக்கு, ஒரே வேலை, ஒரே மேசை. 270 எழுதின மனுசன் எங்கள் எல்லாரிலும் மூத்தவர். ஒண்டும் சொல்லேல்லை, பேப்பரைத் திருப்பி வச்சிட்டு எழும்பிப் போட்டார்.

இப்ப உம்மட 15ஐப் பாத்த உடன எனக்கு அந்தப் பன்னிரண்டரைதான் ஞாபகம் வந்தது. ஒரு பேச்சுக்கு லண்டன் 100 ரூபா குடுக்குது, 67 உமக்கு, 33 ஏஜென்சிக்கு எண்டு வையும். லண்டன் 10ஐக் குறைக்க, அதை முழுக்க உம்மட தலையில கட்டினா உமக்கு 57. 67இல 10 போனா கிட்டத்தட்ட 15 வீதம். உங்கட விசயத்திலயும் இதுதான் நடந்தது எண்டு நான் சொல்ல வரேல்லை, ஆனா கேளும். கிளையண்ட் எத்தினை வீதம் குறைச்சது, உங்கட பங்கில எவ்வளவு குறையுது எண்டு ரெண்டே ரெண்டு கேள்வி. மருதனார்மடம் சந்தைக்கு 100 கிலோ கத்தரிக்காய் கொண்டுபோற தோட்டக்காரனுக்கு 10 கிலோவைக் கழிவு எண்டு கழிச்சுப்போட்டு 90க்குக் காசு குடுக்கிறதுக்கு எதிரா எங்கட விவசாயிகள் எவ்வளவு காலமாச் சண்டை பிடிக்கினம். அங்கயாவது தராசு கண்ணுக்கு முன்னால இருக்கு. உங்களுக்குத் தராசையே காட்டேல்லை.

மற்றது, நீங்கள் ஏற்கெனவே ஒரு 15 வீதம் வெட்டுப்பட்டுத்தான் நிக்கிறியள். நிரந்தர வேலையெண்டா முதலாளி ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈபிஎஃப்) 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ஈரிஎஃப்) 3 வீதமும் தன்ர கையால போடவேணும், வருசத்துக்கு 14 நாள் சம்பளத்தோட லீவு, அஞ்சு வருசம் கழிச்சு விலகினா வருசத்துக்கு அரைமாசச் சம்பளப்படி பணிக்கொடை. கொன்ராக்ட் எண்ட ஒரு சொல்லால இதொண்டும் உங்களுக்கு இல்லை. அந்த இழப்புக்குச் சேத்துத்தான் ரேட் கொஞ்சம் கூட இருக்கும், அதில கைவைக்கிறதெண்டா அது சும்மா ஒரு சின்னச் சரிப்படுத்தல் இல்லை. ஒரு வேலைக்காரனைப் போல நேரத்துக்கு வந்து, லீவுக்கு அனுமதி கேட்டு, ஒரே ஆளுக்கே வருசக்கணக்கா வேலை செய்யிறியள் எண்டா, தொழில் திணைக்களத்தில ஒருக்கா ஆலோசனை கேட்டுப் பாருங்கோ, பேப்பரில கொன்ராக்ட் எண்டு எழுதினபடியா மட்டும் எல்லாம் முடிஞ்சுபோகாது.

2022 இல கூட்டித் தந்தவை எண்டு ஞாபகப்படுத்தினதில எனக்குச் சரியான கோபம். அந்த வருசம் 200 ரூபா இருந்த டொலர் ரெண்டு மூண்டு மாசத்துக்குள்ள 360 வரைக்கும் போனது, செப்டெம்பரில கொழும்பு விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதம். உங்களுக்கு ரூபாவில 10 வீதம் கூடினது. லண்டனில இருந்து ஏஜென்சிக்குப் பவுணில காசு வந்திருந்தா அவைக்கு எவ்வளவு கூடியிருக்கும் எண்டு நீரே கணக்குப் பாரும். 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாளிலயும் பெற்றோல் கியூவில நிண்டு ஜெனரேற்றர் ஓட்டி வேலை செய்து குடுத்த பெடியள் நீங்கள், அதையும் அந்த ஈமெயிலில ஞாபகப்படுத்தியிருக்கலாம்.

இனி செய்யவேண்டியது. கொன்ராக்ட்டை எடுத்து வடிவா வாசியும். டிசம்பர் வரைக்கும் ரேட் எழுதிக் கையெழுத்து வச்சிருந்தா அதை ஒரு பக்கம் மட்டும் மாத்த ஏலாது, ரெண்டு பக்கமும் ஒத்துக்கொள்ளவேணும். ஆனா அவை கொன்ராக்ட்டையே நிப்பாட்டலாம், அது வேற கதை, அதால எத்தினை நாள் நோட்டிஸ் எண்ட வரியைத் தேடிப் பாரும், சில கொன்ராக்ட்டுகளில உங்களுக்கு 30 நாள், அவைக்கு 7 நாள் எண்டு இருக்கும். பேசாம மட்டும் இருக்காதேயும், 1ஆம் திகதிக்குப் பிறகு வேலை செய்தா ஓம் எண்டு எடுப்பம் எண்டு எழுதியிருக்கினம் எல்லோ, அதால திகதிக்கு முதல் எழுத்தில பதில் போகவேணும். நீட்டி முழக்கத் தேவையில்லை. "உங்கட கடிதம் கிடைச்சது. டிசம்பர் வரைக்கும் ஒத்துக்கொண்ட ரேட்டிலதான் தொடர்ந்து வேலை செய்யிறன், குறைப்புக்கு நான் சம்மதிக்கேல்லை. கிளையண்ட் குறைச்சது எவ்வளவு, உங்கட பங்கில குறையிறது எவ்வளவு எண்டு தெரிஞ்சா கதைக்கலாம்." இது காணும். கிளையண்டுக்கு நேரா எழுதப் போகாதேங்கோ, அதைத் தடுக்கிற வரி அனேகமா உள்ளுக்க இருக்கும், அதைச் சாட்டியே நிப்பாட்டுவினம்.

எங்களில அஞ்சு பேர் ஒரே கடிதத்தைப் போட்டம், ரெண்டு பேர் முதலே கையெழுத்து வச்சிட்டினம். ரெண்டு கிழமை சத்தமில்லை, நித்திரையுமில்லை. பிறகு 20 பவுண் நீங்கள் விடுங்கோ 20 பவுண் நாங்கள் விடுறம், ஆறு மாசத்தில திரும்பப் பாப்பம் எண்டு வந்தது, அதை எழுத்தில வாங்கிக்கொண்டு ஒத்துக்கொண்டம். ஆனா முழுக்கச் சொல்லவேணும், அந்த அஞ்சு பேரில ஒராளுக்கு ஆனியில கொன்ராக்ட் நீட்டித் தரேல்லை. காரணம் சொல்லேல்லை. அதால, வேலை போனா மூண்டு மாசம் வீடு ஓடுமோ எண்டதை அம்மாவோட இருந்து கணக்குப் பாத்திட்டு எழுதும். ஓடாதெண்டா குறைக்க ஒத்துக்கொள்ளும், ஆனா எத்தினை மாசத்துக்கு, எந்தத் திகதியில பழைய ரேட் திரும்ப வரும், அந்தக் காலத்துக்குள்ள நிப்பாட்டமாட்டினம் எண்டு எழுத்தில வாங்கிக்கொண்டு.

ஓம் போட்ட ரெண்டு பேரோடயும் முகத்தைத் திருப்பாதேங்கோ. அவையின்ர வீட்டு நிலைமை உங்களுக்குத் தெரியாது. நாளைக்குப் பின்னேரம் எட்டுப் பேருமாக் கீழ இறங்கிப் பிளேன்ரீக்குப் போங்கோ, அவை ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டுதான், ஒரு பேப்பரும் பேனையும் கொண்டுபோம். உம்மட நம்பரை நீர் முதல்ல எழுதும். 25ஆம் திகதிக்குப் பிறகு என்ன பதில் வந்ததெண்டு எனக்கும் எழுதும்.