பிள்ளைக்குப் பொம்மைப் பியானோ: எதைப் பார்த்து வாங்குவது?

பர்மாவில் ரங்கூன், மோல்மீன், பெகு பக்கத்துத் தமிழ் வீடுகளிலிருந்து வந்த கேள்விகளும், அவற்றுக்கு இசை ஆசிரியர் ஒருவர் தரும் பதில்களும்.

ஐயா, மகளுக்கு மூன்று வயது. கடையில் 8 கட்டை முதல் 37 கட்டை வரை வைத்திருக்கிறார்கள். எது போதும்? (தாமுவே)

25 கட்டை வாங்குங்கள் அம்மா. முழுதாக இரண்டு ஸ்தாயி (ஒரு ச முதல் அடுத்த மேல் ச வரை ஒரு ஸ்தாயி) கிடைக்கும். ஆனால் எண்ணிக்கையைவிட முக்கியமானது ஒன்று உண்டு. கறுப்புக் கட்டை ஒவ்வொன்றையும் அழுத்திப் பாருங்கள். மலிவான பொம்மைகளில் அது வெறும் பெயிண்ட், அல்லது அசையாத பிளாஸ்டிக் துண்டு.

நம் பிள்ளைகளுக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், கர்நாடக இசையின் முதல் பாடமான சரளி வரிசை மாயாமாளவகௌளை ராகத்தில் தொடங்குகிறது. முதல் வெள்ளைக் கட்டையை (சி) ச என்று வைத்தால், ரி அதை ஒட்டிய கறுப்பு. க, ம, ப மூன்றும் வெள்ளை. த மறுபடி கறுப்பு, நி வெள்ளை. கறுப்புக் கட்டை பேசாத பியானோவில் முதல் பாடமே வாசிக்க முடியாது. வெள்ளை மட்டும் உள்ள 8 கட்டையில் சங்கராபரணம், மோகனம் போன்ற சில ராகங்கள்தான் வரும். இடம் குறைவென்றால் 18 கட்டைகூடப் போதும், கறுப்பு நிஜமாக இருக்கும்வரை.

அண்ணே, மரப்பெட்டிக்குள் கம்பி உள்ளது நல்லதா, பேட்டரியில் ஓடுவதா? எங்கள் பக்கம் கரண்ட் போய்ப் போய் வருகிறது. (மோல்மீன்)

கம்பி உள்ளதற்குக் கரண்டே வேண்டாம் தம்பி. கட்டையை அழுத்தினால் சின்னச் சுத்தியல் எழும்பி ஓர் உலோகக் கம்பியைத் தட்டும். கம்பியின் ஒரு முனை இரும்புக் கட்டியில் இறுக்கப்பட்டிருக்கும், மறுமுனை சும்மா நிற்கும். 1872இல் பிலடெல்பியாவில் தொழில் தொடங்கிய ஆல்பர்ட் ஷோன்ஹட், அதுவரை உடைந்துகொண்டிருந்த கண்ணாடிப் பட்டைகளுக்குப் பதில் உலோகத்தைப் போட்டார். இன்றும் அமைப்பு ஏறக்குறைய அதுதான்.

மெதுவாக அழுத்தினால் மெதுவாகவும் ஓங்கி அழுத்தினால் உரக்கவும் ஒலிக்கும். விரலுக்கும் ஒலிக்கும் உள்ள உறவைப் பிள்ளை தானாகப் பிடித்துக்கொள்ளும். இந்தக் குணத்துக்காகவே சின்னப் பிள்ளைக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

குறையும் உண்டு. ஒரு முனை மட்டும் பிடித்த கம்பியில் அடிப்படை ஒலிக்கு மேலே வரும் அடுத்த ஒலியின் அதிர்வெண் அதைப்போல் சுமார் 6.27 மடங்கு. தந்தியில் வருவதுபோல் நேர் இரு மடங்கு அல்ல. அதனால்தான் அந்த மணிச் சத்தம். மூன்று கட்டையைச் சேர்த்து அழுத்தினால் ஒலி கலங்கும். ஒவ்வொரு ஸ்வரமாக வாசிக்கும் நம் பாடத்துக்கு அது தொந்தரவே இல்லை.

பேட்டரி வகைதான் வேண்டுமென்றால் மூன்று கட்டையை ஒன்றாக அழுத்துங்கள். மூன்றும் கேட்க வேண்டும். ஒன்று மட்டும் கேட்டால் வைத்துவிட்டு வாருங்கள்.

சுருதி சரியாக இருக்கிறதா என்று கடையிலேயே எப்படிப் பார்ப்பது? (தன்லின்)

போனில் இலவச ட்யூனர் ஆப் ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள், ஏ 440 என்று வைத்து ஒவ்வொரு கட்டையாகத் தட்டுங்கள். ஒரு கட்டைக்கும் அதற்கடுத்த கட்டைக்கும், கறுப்பையும் சேர்த்து எண்ணினால், இடைவெளி 100 சென்ட். 10 சென்ட் விலகலைப் பொறுக்கலாம். 25, 30 என்று போனால் பிள்ளையின் காது தவறான ரி, தவறான கவைப் பழகும். எல்லாக் கட்டையும் ஒரே அளவு ஏறியோ இறங்கியோ இருந்தால் பரவாயில்லை, தனியாக வாசிக்கலாம். ஒன்று ஏறி ஒன்று இறங்கினால்தான் வேண்டாம்.

வாயால் ஸ்வரம் பாடிச் சேர்த்தும் பாருங்கள். சில பியானோக்கள் குரலைவிட ஒரு ஸ்தாயி, இரண்டு ஸ்தாயி மேலே ஒலிக்கும். கூடவே பாடிப் பழக அவை உதவாது.

வாங்கிய பிறகு ஒரு கம்பி மட்டும் இறங்கியிருந்தால் அதன் சும்மா நிற்கும் நுனியை நைசான அரத்தால் துளி ராவுங்கள், சுருதி ஏறும். ஏறியிருந்தால் இறுக்கிய முனைக்குப் பக்கத்தில் ராவுங்கள், இறங்கும். இரண்டு இழுப்புக்கு ஒரு முறை ட்யூனரைப் பாருங்கள். ராவியதை மறுபடி ஒட்ட முடியாது.

25 கட்டையில் மந்திர ஸ்தாயிக்கு, அதாவது சவுக்குக் கீழே உள்ள ஸ்வரங்களுக்கு, இடமில்லையே ஐயா? (பெகு)

சவைச் சியில் வைத்தால் இல்லை. நான்காவது வெள்ளையான எஃப் கட்டைக்கு மாற்றுங்கள், அதாவது 4 கட்டை சுருதி. சியில் தொடங்கும் 25 கட்டையில் அப்போது கீழே மந்திர ப வரையும் மேலே தார ஸ்தாயி ப வரையும் கிடைக்கும். கீதம் வரை தாராளம். சரளி வரிசைக்கு வெள்ளை, கறுப்பு இப்படி வரும்: ச எஃப், ரி அதை ஒட்டிய கறுப்பு, க ஏ, ம அதற்கு வலப்பக்கக் கறுப்பு, ப மேல் சி, த அதை ஒட்டிய கறுப்பு, நி ஈ. ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகத்தை இந்தக் கருவியில் தேடாதீர்கள். அது குரலில்தான் வரவேண்டும்.

பேரனுக்கு ஒன்றரை வயது. எல்லாவற்றையும் வாயில் வைக்கிறான். (தக்கேட்டா)

அப்படியானால் முதலில் பேட்டரி மூடியைப் பாருங்கள் பெரியவரே. அதில் திருகாணி இருக்க வேண்டும், நகத்தால் திறக்கக் கூடாது. காசுபோன்ற வட்ட பேட்டரி போடும் பொம்மை வேண்டவே வேண்டாம். விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

கழன்று வரும் குமிழ், கால், ஸ்டாண்டு எதுவும் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய்க்குள் முழுதாகப் போகக் கூடாது. சின்னப் பிள்ளைகளின் பொம்மைக்குப் பல நாடுகளில் பார்க்கும் அளவு அது. கட்டைகளை மூடும் பலகை இருந்தால் கழற்றிவிடுங்கள், விரல் நசுங்கும். சத்தம் கூடுதலென்றால் ஸ்பீக்கர் ஓட்டைகளின் மேல் இரண்டு மூன்று அடுக்கு டேப் ஒட்டலாம்.

மழைக்காலத்தில் கட்டை சிக்கிக்கொள்கிறது, சத்தமும் மங்கிவிட்டது. (மோல்மீன்)

சிக்குவது மரம் ஈரத்தில் உப்புவதால். பின்பலகைத் திருகாணிகளைக் கழற்றி, எந்தப் பக்கம் உரசுகிறது என்று பாருங்கள். அந்த விளிம்பை மட்டும் 240 எண் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள், பென்சில் கரியைத் தடவுங்கள். எண்ணெய் விடாதீர்கள், தூசி சேர்ந்து முன்னைவிட மோசமாகும்.

மங்கல் இரண்டு காரணத்தால் வரும். இரும்புக் கட்டியின் திருகாணி தளர்ந்திருந்தால் பல கட்டைகள் சேர்ந்து மங்கும், முடுக்கினால் தீரும். ஒரே ஒரு கட்டை கரகரத்தால் அந்தக் கம்பி பக்கத்துக் கம்பியைத் தொடுகிறது, அல்லது துருப் பிடித்திருக்கிறது. துருவை உலர்ந்த துணியால் துடைத்து, சுருதியை மறுபடி பாருங்கள். மே முதல் அக்டோபர் வரை பியானோவைத் தரையில் வைக்காமல், வெளிச்சுவரை ஒட்டாமல், பலகை மேல் வையுங்கள்.

அடாப்டர் தொலைந்துவிட்டது. வேறு போடலாமா? (பெகு)

வோல்ட் அதே எண்ணாக இருக்க வேண்டும். 6 வோல்ட்டுக்கு 9 போட்டால் உள்ளே புகைந்துவிடலாம். மில்லி ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. நடுமுனை கூட்டலா கழித்தலா என்று பியானோவிலும் அடாப்டரிலும் வட்டப் படம் போட்டிருக்கும், இரண்டும் ஒத்திருக்க வேண்டும்.

எப்போது பெரிய கீபோர்டுக்கு மாற்றுவது? (தாமுவே)

இரண்டு கையையும் சேர்த்து வாசிக்கக் கேட்கும்போது. 61 கட்டை, அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி மாறும் வகையாகப் பாருங்கள். அளவுநாடா கொண்டுபோய் ஏழு வெள்ளைக் கட்டையை அளங்கள். சுமார் 16.5 சென்டிமீட்டர் இருந்தால் அது பியானோ அளவு.